சுனில் சேத்ரி பத்தி எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

சேத்ரி பேச்ச எடுத்தாலே அதே சந்தேகங்கதான் திரும்பத் திரும்ப வருது. கிரிக்கெட் மட்டும் பாக்குறவங்க ஒரு மாதிரி கேப்பாங்க, யூரோப் லீக் பாக்குற பசங்க கொஞ்சம் நக்கலா கேப்பாங்க, கேரளா ஃபேன்ஸ் சண்டைக்கே வருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி மாளல, அதான் மொத்தமா எழுதிட்டேன். கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். முதல்ல ஈசியானது, போகப் போக வில்லங்கம்.

சுனில் சேத்ரின்னா யாருப்பா? பேர் கேள்விப்பட்டிருக்கேன், அவ்ளோதான்

இந்திய ஃபுட்பால் டீமோட ஃபார்வர்ட், ரொம்ப வருஷம் கேப்டன். 2005-ல இந்தியாவுக்காக ஆட ஆரம்பிச்சு 2024 ஜூன்ல ரிட்டயர் ஆனப்போ 151 மேட்ச், 94 கோல். அப்புறம் திரும்ப வந்து இன்னொன்னு போட்டார் (அது கீழ வருது). கிளப்புன்னா 2013-ல இருந்து பெங்களூரு எஃப்சி. அர்ஜுனா, பத்மஸ்ரீ எல்லாம் வாங்கியாச்சு, 2021-ல கேல் ரத்னா, அத வாங்கின முதல் ஃபுட்பால் ப்ளேயர் இவர்தான்.

சேத்ரின்னு பேர் இருக்கே, நேபாளியா இந்தியரா? டவுட்டாவே இருக்கு

இந்தியர்தான், பிறந்தது செகந்திராபாத், 1984 ஆகஸ்ட் 3. அப்பா ராணுவத்துல இருந்தவர், அதனால ஊர் ஊரா மாறி கடைசியில டெல்லியில வளர்ந்த பையன். அம்மாவும் அம்மாவோட ட்வின் சிஸ்டரும் நேபாள் பெண்கள் டீமுக்கு ஆடினவங்க, அப்பாவும் ராணுவ டீம்ல ஆடினவர். ஸோ வீட்லயே பந்து இருந்துச்சு. "வறுமையில வாடி, வெறுங்கால்ல ஓடி"ன்னு சில வீடியோல கதை விடுறாங்க, அதெல்லாம் வேற யாரோட கதையோ, இவரது சாதாரண ராணுவக் குடும்பம்.

எந்தெந்த டீம்ல ஆடினார்னு வரிசையா சொல்லுங்க ப்ரோ

மூச்சு வாங்கிக்கோங்க. டெல்லியில சிட்டி கிளப், 2002-ல கொல்கத்தா மோகன் பகான், 2005-ல பஞ்சாப் ஜேசிடி (இங்கதான் ஆள் நிஜமா வளர்ந்தார்), 2008-ல ஈஸ்ட் பெங்கால், அடுத்து கோவா டெம்போ, 2010-ல அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டி விஸார்ட்ஸ், திரும்பி வந்து சிராக் யுனைடெட், மறுபடி மோகன் பகான், 2012-ல போர்ச்சுகல் ஸ்போர்ட்டிங், அங்க இருந்து லோன்ல சர்ச்சில் பிரதர்ஸ், 2013-ல பெங்களூரு. நடுவுல 2015, 2016 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) மட்டும் மும்பை சிட்டிக்கு ஆடினார், ஏன்னா பெங்களூரு அப்போ ஐ-லீக்னு இன்னொரு லீக்ல இருந்துச்சு, ஐஎஸ்எல்ல இல்ல. 2017-ல பெங்களூரே ஐஎஸ்எல்லுக்கு வந்ததும் பிரச்சனை முடிஞ்சுது.

2013-க்கு முன்னாடி எங்கயும் நிலையா நிக்கலன்னு இந்த லிஸ்ட்ட பாத்தாலே தெரியும். பெங்களூரு புதுசா ஆரம்பிச்ச கிளப், ஆஷ்லி வெஸ்ட்வுட் கோச், முதல் சீசன்லயே ஐ-லீக் சாம்பியன். 29 வயசுக்கு மேலதான் இவருக்கு ஒரு வீடு மாதிரி கிளப் கெடைச்சுது. பாதிப் பேருக்கு அந்த வயசுல கரியர் எறங்க ஆரம்பிச்சிடும்.

முதல் கோல் யார் மேல?

பாகிஸ்தான் மேல, குவெட்டாவுல, 2005 ஜூன், அறிமுக மேட்ச்லயே. 1-1 டிரா. பதினெட்டு வருஷம் கழிச்சு, 2023 சாஃப் கப்ல (தெற்காசிய நாடுகளோட போட்டி) பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்துல அதே பாகிஸ்தான் மேல ஹாட்ரிக் போட்டார், 4-0. அந்த பாகிஸ்தான் டீம்ல சிலர் முதல் கோல் அடிச்சப்போ ஸ்கூல் பசங்களா இருந்திருப்பாங்க.

மெஸ்ஸி ரொனால்டோ பேருக்குப் பக்கத்துல இவர் பேர போடுறாங்களே, உண்மையாவா இல்ல வாட்ஸப் கதையா?

உண்மைதான், ஆனா எந்தக் கணக்குல உண்மைன்னு பாக்கணும். ஆண்கள் ஃபுட்பால்ல நாட்டுக்காக போட்ட கோல் மட்டும் எண்ணினா ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானோட அலி தாயி (108), அவங்களுக்கு அடுத்து சேத்ரி 95. தாயி எப்பவோ ரிட்டயர் ஆயிட்டார், அதனால "இப்போ ஆடுறவங்கள்ல மூணாவது"ன்னு ரொம்ப நாள் போட்டுட்டிருந்தாங்க. 2018 ஜூன்ல 64 கோல்ல மெஸ்ஸிய சமன் பண்ணினார், 2019 ஜனவரில கொஞ்ச நாள் மெஸ்ஸிக்கு மேலயே இருந்தார்.

கிளப் கோல், கப்பு, ஆட்டத் தரம்னு எத சேத்தாலும் ஒப்பீடே கெடையாது, அவரே கேட்டா சிரிப்பார். மெஸ்ஸியோட ஒப்பிடாதீங்கன்னு அவரே பல தடவ சொல்லிட்டார். நம்ம ஆளுங்கதான் போஸ்டர் அடிக்கிறத நிறுத்தல.

எல்லாம் மாலத்தீவு, நேபாள் மேல அடிச்ச கோல்தானே அண்ணா? இத போய் பெருமையா பேசுறீங்க

இந்தக் கேள்விதான் அதிகம் வருது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். ஆமா, நெறைய கோல் தெற்காசிய டீம்கள் மேலதான். 2011 சாஃப் கப்ல மட்டும் 7 கோல். மறைக்க ஒன்னுமில்ல. ஆனா இந்தியா யாரோட ஆடுதோ அவங்க மேலதான அடிக்க முடியும், ஸ்பெயினோட ஆட நமக்கு யார் சான்ஸ் குடுத்தா? ஃபிஃபா ரேங்க்ல பெரும்பாலும் நூறுக்கும் கீழ கெடக்குற நாட்டுக்கு கெடைக்கிற எதிரிங்க அவங்கதான். யூரோப்லயும் பெரிய நாட்டு ஸ்ட்ரைக்கருங்க குவாலிஃபையர்ல சின்னச் சின்ன நாட்டு மேல கோல் குவிக்கிறாங்க, அத யாரும் கழிச்சிட்டு எண்றதில்ல.

ரெண்டாவது, பெரிய மேட்ச்ல அடிக்கலன்னு சொல்றது பொய். 2008 ஏஎஃப்சி (ஆசிய ஃபுட்பால் கூட்டமைப்பு) சேலஞ்ச் கப் ஃபைனல், டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியம், தஜிகிஸ்தான் மேல ஹாட்ரிக், 4-1. அந்த ஒரு மேட்ச்தான் 27 வருஷ இடைவெளிக்கு அப்புறம் இந்தியாவ 2011 ஆசியக் கோப்பைக்கு கொண்டு போச்சு. அங்க மூணு மேட்ச்சும் தோத்தோம், ஆனா பஹ்ரைன் மேல ஒன்னு, தென் கொரியா மேல ஒன்னு இவர் போட்டார். 2019 ஆசியக் கோப்பையில அபுதாபில தாய்லாந்து மேல ரெண்டு, 4-1 ஜெயிச்சோம், அந்தத் தோல்வியில தாய்லாந்து கோச்சுக்கு வேலையே போச்சு. 2019 செப்டம்பர்ல குவாஹாட்டில ஓமான் மேல முதல் கோல் இவரோடது (கடைசி பத்து நிமிஷத்துல ரெண்டு வாங்கி 2-1 தோத்தோம், அது எப்பவும் நடக்குறதுதான்).

எதிர்க்கட்சிக்கு ஒரு பாயிண்ட் நானே தரேன். ஓமான் மேட்ச் முடிஞ்சு அஞ்சாவது நாள் தோஹாவுல ஆசிய சாம்பியன் கத்தார 0-0 நிறுத்தினோமே, அன்னிக்கு சேத்ரி ஆடல, உடம்பு சரியில்ல. குர்ப்ரீத் கோல்ல நின்னு ஆடின ஆட்டம் அது. 2024 ஆசியக் கோப்பையில மூணு மேட்ச்சும் ஆடினார், மொத்த டீமும் சேந்து ஒரு கோல் கூட போடல. டாப் டீம் டிஃபென்ஸ் முன்னாடி கடைசி காலத்துல அவர் காணாமப் போனார், இத ஒத்துக்கிட்டுதான் பேசணும்.

அவ்ளோ நல்ல ப்ளேயர்னா ஏன் வெளிநாட்டுல நிலைக்கல?

மூணு தடவ போனார், மூணும் மூணு விதமா முடிஞ்சுது. 2009-ல லண்டன் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கான்ட்ராக்ட் குடுக்க ரெடி, ஒர்க் பர்மிட் கெடைக்கல. பிளேயரோட நாடு ஃபிஃபா ரேங்க்ல முதல் 70-க்குள்ள இருக்கணும்னு அப்போ இங்கிலாந்துல ரூல், இந்தியா அங்க எங்க இருக்கு. இதுல அவர் தப்பு ஒன்னுமே இல்ல.

2010-ல கன்சாஸ் சிட்டி. அங்க லீக் மேட்ச் ஒன்னு கூட ஆடல, அமெரிக்க ஓப்பன் கப்ல எறங்கினார், மான்செஸ்டர் யுனைடெட் ஃப்ரெண்ட்லி ஆட வந்தப்போ சப்ஸ்டிட்யூட்டா எறங்கினார், கன்சாஸ் 2-1 ஜெயிச்சுது. "மான்யு மேல ஆடியிருக்கார்"னு சொல்றது இதத்தான். 2012-ல ஸ்போர்ட்டிங் லிஸ்பன், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட், ஆனா பி டீம்ல மூணே மேட்ச். முதல் டீமுக்கு நீ பத்தாதுன்னு கோச் நேரா சொன்னதாவும், அது சரிதான்னும் பின்னாடி அவரே ஓப்பனா பேசியிருக்கார். அந்த நேர்மை எனக்குப் புடிக்கும். அரசியல், சதின்னு கதை கட்டுறதெல்லாம் ஃபேன்ஸ்தான்.

என் கருத்து: ஜேசிடில இருந்தப்பவே, 21-22 வயசுல, யூரோப்ல ஏதாவது சின்ன நாட்டு லீக்குக்கு போயிருந்தா கதை வேற. 28 வயசுல ஸ்போர்ட்டிங் மாதிரி கிளப்புக்கு போனா டூ லேட்.

ஆள் உயரமே இல்ல, ஹெட்டர் எப்படி இவ்ளோ போடுறார்?

சுமார் அஞ்சடி ஏழங்குலம்தான். டைமிங், அவ்ளோதான் விஷயம். பந்து எங்க விழும்னு டிஃபென்டருக்கு முன்னாடி கணிச்சு, ஒரு எட்டு பின்னாடி நின்னு, ஓடி வந்து குதிப்பார். உயரமானவன் நின்ன இடத்துலயே குதிப்பான், இவர் ஓடி வந்து குதிக்கிறதால மேல நிப்பார். அவர் போட்ட 95-வது கோலும் ஹெட்டர்தான், 40 வயசுல.

மத்தபடி பெரிய ட்ரிப்ளிங் கெடையாது, வேகமும் இளவயசுல மட்டும்தான். ரெண்டு காலும் ஓடும், பெனால்டில அசராம நிப்பார், லெஃப்ட்ல இருந்து உள்ள வெட்டி வலது கால்ல அடிக்கிறது அவரோட டிரேட்மார்க். இன்னொன்னு, பெங்களூர்ல ஆடின வருஷங்கள்ல பாதி அவர் மெயின் ஸ்ட்ரைக்கரே இல்ல. 2017-18-ல நடுவுல மிக்கு, சேத்ரி லெஃப்ட் விங். மிக்கு 15 கோல், விங்ல நின்ன இவர் 14.

2018-ல அழுது வீடியோ போட்டாரே, அது எதுக்கு?

அழல. மும்பையில இன்டர்கான்டினென்டல் கப், முதல் மேட்ச் சீன தைபே கூட, 5-0 ஜெயிச்சோம், இவர் ஹாட்ரிக். ஸ்டேடியத்துல இருந்தது வெறும் 2,569 பேர். அடுத்த நாள் ட்விட்டர்ல ஒரு வீடியோ போட்டார்: எங்கள திட்டுங்க, விமர்சனம் பண்ணுங்க, ஆனா ஸ்டேடியத்துக்கு வாங்கன்னு. விராட் கோலி ஷேர் பண்ண, பத்திக்கிச்சு. ஜூன் 4 கென்யா மேட்ச் டிக்கெட் மொத்தமா வித்துப் போச்சு. அது அவரோட நூறாவது மேட்ச், கொட்டுற மழை, 3-0, ரெண்டு கோல் இவரோடது. ஃபைனல்லயும் ரெண்டு.

கேப்டன் கெஞ்சித்தான் கூட்டம் வரணும்ங்கிற நிலைமைய அன்னிக்கு எல்லாரும் நெகிழ்ச்சியா பேசினாங்க. எனக்கு ஃபெடரேஷன் மேல கோவந்தான் வந்துச்சு. மார்க்கெட்டிங் ப்ளேயர் வேலையா?

நான் சென்னையின் எஃப்சி ஃபேன். இவர் நம்மகிட்ட எப்பவாச்சும் மண்ணக் கவ்வினாரா?

2018 மார்ச் 17, ஐஎஸ்எல் ஃபைனல், பெங்களூரோட சொந்த கிரவுண்டு கண்டீரவா. ஒன்பதாவது நிமிஷமே சேத்ரி ஹெட்டர்ல கோல். அப்புறம் மைல்சன் ஆல்வ்ஸ் ரெண்டு, அகுஸ்டோ ஒன்னு, நாம 3-2 ஜெயிச்சு கப்பத் தூக்கினோம். போதுமா? (அடுத்த வருஷமே அவர் கோவாவ தோக்கடிச்சு கப்பு வாங்கிட்டார், அது நமக்கு வேணாம்.)

கேரளா பிளாஸ்டர்ஸ் மேல போட்ட ஃப்ரீ கிக் திருட்டு கோல்தானே சேட்டா?

வந்துட்டீங்களா. தெரியாதவங்களுக்கு: 2023 மார்ச் 3, ஐஎஸ்எல் நாக்அவுட் மேட்ச், 90 நிமிஷம் 0-0, எக்ஸ்ட்ரா டைம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளா கோல்கீப்பர் முன்னாடி வந்து சுவர் நிறுத்திட்டிருந்தார், சேத்ரி சட்டுனு பந்த கோலுக்குள்ள தள்ளிட்டார். ரெஃப்ரி கோல்னு குடுத்தார். கேரளா கோச் வுகோமனோவிச் மொத்த டீமையும் கிரவுண்ட விட்டு வெளிய கூட்டிட்டுப் போயிட்டார், அவங்க திரும்பவே இல்ல, மேட்ச் பெங்களூருக்கு.

ரூல் என்னன்னா, ஃப்ரீ கிக்க உடனே அடிக்கலாம், விசில் தேவையில்ல. ஆனா சுவர் தூரத்த சரி பண்றதுக்காக ரெஃப்ரி ஆட்டத்த நிறுத்தியிருந்தா, விசில் அடிச்ச பிறகுதான் அடிக்கணும். தனக்கு சுவரும் வேணாம் விசிலும் வேணாம்னு ரெஃப்ரிகிட்ட சொன்னேன், கேரளா ப்ளேயர் லூனாவுக்கும் அது கேட்டுச்சு, அதனாலதான் அவர் முதல் தடவ குறுக்க வந்து தடுத்தார்னு சேத்ரி மேட்ச் முடிஞ்சு சொன்னார். ரெஃப்ரி தங்கள பின்னாடி போகச் சொல்லிட்டிருந்தார், அப்போ அது உடனடி கிக் எப்படி ஆகும்னு கேரளா தரப்பு. ஃபெடரேஷன் கேரளா புகார தள்ளுபடி பண்ணி, கிளப்புக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடைன்னு போட்டுச்சு.

எனக்குக் கேட்டா கோல் செல்லும், ஆனா அழகான கோல் இல்ல, ரெஃப்ரியும் அந்த இடத்த தெளிவா கையாளல. ஆனா இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல ஆட்டம் கைல இருந்தப்போ வெளிய நடந்தது அத விடப் பெரிய தப்பு. கேரளா நண்பர்கள் இதுக்கு மேல திட்டணும்னா திட்டிக்கோங்க, 2024 டிசம்பர்ல உங்க மேலயே 40 வயசுல ஹாட்ரிக் போட்டார், அதுல சர்ச்சை எதுவும் இல்ல.

ரிட்டயர் ஆகிட்டு திரும்ப வந்தாரே, விளம்பரத்துக்கா?

2024 மே 16 வீடியோல அறிவிச்சார், ஜூன் 6 கொல்கத்தா சால்ட் லேக்ல குவைத் கூட கடைசி மேட்ச். 0-0. அழகான முடிவுன்னு சொல்ல முடியாது, ஜெயிச்சிருந்தா உலகக் கோப்பை குவாலிஃபையர் மூணாவது ரவுண்டுக்கு பக்கத்துல போயிருப்போம். அதுக்கப்புறம் இந்தியா 2024 முழுக்க ஒரு மேட்ச் கூட ஜெயிக்காம முடிச்சுது. அதே நேரம் ஐஎஸ்எல்ல இவர் 14 கோல், இந்திய வீரர்கள்ல டாப், ஐஎஸ்எல்ல அதிக கோல்னு ஒக்பெச்சே வெச்சிருந்த ரெக்கார்டையும் தாண்டியாச்சு. அப்போ கோச்சா இருந்த மனோலோ மார்க்கெஸுக்கு கோல் அடிக்க ஆள் வேணும், ஃபார்ம்ல இருந்த ஒரே இந்திய ஆள் இவர்தான். கூப்பிட்டார், வந்தார். 2025 மார்ச்ல ஷில்லாங்ல மாலத்தீவு மேல 3-0, அதுல ஒன்னு இவரது. (ஆமா, மாலத்தீவுதான். மேல படிங்க.)

விளம்பரம் இல்ல, ஆனா நல்ல முடிவும் இல்ல. அடுத்து பங்களாதேஷ் கூட 0-0, ஹாங்காங் கூட தோல்வி, அக்டோபர்ல சிங்கப்பூர் கூட கோவாவுல 2-1 தோத்து 2027 ஆசியக் கோப்பை கனவு போச்சு. நடுவுல காலித் ஜமீல் கோச்சா வந்து, சேத்ரி இல்லாமயே சிஎஎஃப்ஏ (மத்திய ஆசிய நாடுகள்) கப்ல ஓமான பெனால்டில தோக்கடிச்சு மூணாவது இடம் வந்தாங்க. அத அப்படியே தொடர்ந்திருக்கலாம்னு எனக்குத் தோணும். கூப்பிட்டா போகாம இருக்க அவரால முடியாது, கூப்பிட்டவங்கதான் யோசிச்சிருக்கணும்.

சரி, இவருக்கு அப்புறம் ஏன் ஒரு ஸ்ட்ரைக்கர் கூட வரல? 140 கோடி பேர் இருக்கோமே

140 கோடின்னு ஆரம்பிச்சாலே எனக்கு தலைவலி. எத்தன பேர் பொறந்தாங்கங்கிறது விஷயமில்ல, நடு ஸ்ட்ரைக்கரா வாரா வாரம் ஆட எத்தன பேருக்கு எடம் கெடைக்குதுங்கிறதுதான். ஐஎஸ்எல் கிளப்புங்க வெளிநாட்டு ஆள் எடுக்கும்போது முதல்ல எடுக்கிறது ஸ்ட்ரைக்கர். கோல்தான காசு. இந்தியப் பையன் ஸ்ட்ரைக்கரா வளந்து வந்தா அவன விங்குக்கு தள்ளிடுவாங்க, இல்ல பெஞ்ச். சேத்ரியவே தள்ளினாங்கன்னு ஹெட்டர் கேள்வில சொன்னேன்ல. அவர் விங்ல நின்னும் கோல் அடிக்கிற ஆள், எல்லாராலயும் அது முடியாது.

நம்ம பக்கத்து உதாரணம் சிவசக்தி நாராயணன், சிவகங்கை மாவட்டத்து பையன், பெங்களூருல சேத்ரி கூடவே ஆடினவர். 2022-23-ல அவரும் ராய் கிருஷ்ணாவும் முன்னாடி ஆட, சேத்ரி பல மேட்ச் பெஞ்ச்ல இருந்து வந்தார். அந்த சீசன் சிவசக்திக்கு வளரும் வீரர் விருது கெடைச்சுது. அப்புறம் அந்த வேகம் தொடரல. ஜேஜே லால்பெக்லுவாவும் இப்படித்தான், நல்லா வந்து காயத்துல போயிட்டார். வர்றவன் ரெண்டு சீசன் மோசமா ஆடினாலும் தாங்கிப் பிடிக்க இங்க யாரும் இல்ல, சேத்ரி இருக்கார்ல, அவரே அடிப்பார்னு ஓட்டிட்டாங்க, பத்து வருஷம் அப்படியே ஓடிப் போச்சு.

பூட்டியா, ஐ.எம். விஜயன், சேத்ரி, யார் பெஸ்ட்? ஒரே பேர் சொல்லணும்

மூணு பேரும் இந்தியாவுக்கு ஆடின ஃபார்வர்டுங்க. கோல், எத்தன வருஷம் ஆடினார், உடம்ப எப்படி வெச்சிருந்தார்னு பாத்தா சேத்ரி. கையில பந்து குடுத்து சும்மா வேடிக்கை பாக்கச் சொன்னா விஜயன். பூட்டியா ரெண்டுக்கும் நடுவுல, 1999-லயே இங்கிலாந்து பரி கிளப்புக்கு போன துணிச்சல் அவரோடது. ஒரே பேர்னா சேத்ரி. விஜயனோட ஊர் திருச்சூர்க்காரங்க மன்னிக்கணும்.

ஒரு மேட்ச் மட்டும் பாக்குறேன், எது பாக்கணும்?

இந்தியா மேட்ச் வேணாம், 2016 அக்டோபர் 19, ஏஎஃப்சி கப் செமி ஃபைனல் ரெண்டாவது லெக், கண்டீரவாவுல பெங்களூரு, மலேசியாவோட ஜோகூர் டாருல் தாசிம் கூட. அவங்க நடப்பு சாம்பியன், காசுல பெங்களூர விட எங்கயோ இருக்குற கிளப். முதல் லெக் 1-1, இங்கயும் முதல் கோல் அவங்கதான் போட்டாங்க. அப்புறம் சேத்ரி ஹெட்டர்ல ஒன்னு, பாக்ஸுக்கு வெளிய இருந்து ஒன்னு, ஹுவானன் மூணாவது, 3-1. ஏஎஃப்சி கப் ஃபைனல் போன முதல் இந்திய கிளப் அது. ஃபைனல்ல ஈராக் ஏர் ஃபோர்ஸ் கிளப்கிட்ட 1-0 தோத்தாங்க, அத பாக்க வேணாம். முழு மேட்ச்சுக்கு நேரம் இல்லன்னா இடைவேளைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி இருந்து போடுங்க, சேத்ரியோட முதல் கோல் அங்கதான் வருது.